டென்ஸ் அட்டவணை மனப்பாடம், ஆனால் பேச உட்கார்ந்தால் வாக்கியம் வரவில்லை: வழி சொல்லுங்கள்

நீடாமங்கலம்_தமிழ்வழி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி, கல்லூரி இரண்டும் எனக்குத் தமிழ்வழிதான். தாவரவியல் பட்டம் முடித்திருக்கிறேன். திருச்சியில் ஒரு விதை நிறுவனத்தில் கள அலுவலர் வேலைக்கு விண்ணப்பித்தேன், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி ஆங்கிலத்தில் கேட்பார்களாம்.

டென்ஸ் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆங்கிலப் பேப்பர் படித்தால் முக்கால்வாசி புரிகிறது. ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால், தமிழில் பதில் தயாராக இருக்கிறது, ஆங்கிலத்தில் முதல் சொல் எது என்பதிலேயே நின்றுவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டலில் ஆர்டர் கொடுப்பது, விமான நிலையத்தில் வழி கேட்பது என்றே போகிறது. என்னிடம் கேட்கப்போவது நாற்றங்காலையும் நோயையும் விளைச்சலையும் பற்றி. இலக்கணத்தையும் அன்றாடச் சொற்களையும் எந்த வரிசையில் பிடித்தால் வாய்க்கு வரும்?

குடந்தை_ஓய்வாசிரியர்

அம்மா, முதல் சொல் எது என்று நிற்கிறேன் என்றாயே, சரியான இடத்தில்தான் நிற்கிறாய். அங்கிருந்தே தொடங்குவோம்.

தமிழில் 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் வாக்கியம் முடிந்துவிடும். வந்தது யார் என்பது 'ஏன்' விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி கிடையாது. 'கேம்' என்றால் நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. அதனால்தான் அங்கே ஆள் முதலில் வந்து நிற்கிறார்: 'ஐ கேம்'. ஆக முதல் சொல் பற்றிய கவலை வேண்டாம். சாதாரண வாக்கியம் என்றால் யார், அல்லது எது. இரண்டாவதாக வினை. நாம் கடைசிவரை வைத்திருந்து சொல்வதை அவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள்.

'நேற்று மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனேன்.' இதில் 'போனேன்' என்பதைப் பிடித்து முன்னால் கொண்டுவா: 'ஐ வென்ட்'. மற்றவை பின்னால் வரும்: 'ஃப்ரம் மன்னார்குடி டு தஞ்சாவூர் பை பஸ் யெஸ்டர்டே'. நம்முடைய 'இலிருந்து', 'கு', 'இல்' மூன்றும் பெயருக்குப் பின்னால் ஒட்டியவை. அங்கே பெயருக்கு முன்னால் தனியாக நிற்கின்றன. வேற்றுமை உருபு படித்த பிள்ளைக்கு ப்ரெபொசிஷன் என்பது புது விஷயமே இல்லை, இடம் மட்டும் மாறுகிறது.

அடுத்தது வினை. அட்டவணையை மூடிவை. நம் மொழியில் 'இரு' என்ற துணைவினை என்ன செய்கிறது என்று பார். வந்தேன்: 'ஐ கேம்'. வந்திருக்கிறேன்: 'ஐ ஹேவ் கம்'. வந்திருந்தேன்: 'ஐ ஹேட் கம்'. வந்துகொண்டிருக்கிறேன்: 'ஐ ஆம் கமிங்'. வந்துகொண்டிருந்தேன்: 'ஐ வாஸ் கமிங்'. அட்டவணையில் பெயர் பெயராக மனப்பாடம் செய்ததையெல்லாம் சிறு வயதிலிருந்து தமிழில் பிசகாமல் பேசி வருகிறாய். எதை எங்கே சொல்ல வேண்டும் என்ற உணர்வு உன்னிடம் இருக்கிறது. அதை ஆங்கில வடிவத்தோடு முடிச்சுப்போட யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

வலங்கைமானில் 1869-இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலேயர்களே வியந்தார்கள். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பேர் வாங்கினார். உன் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் வலங்கைமான்.

ஒரத்தநாடு_சிங்கப்பூர்

ஐயாவிடம் மரியாதை உண்டு, ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் இங்கே கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். மேலே கிரேன் சுற்றும்போது தமிழில் யோசித்து, வினையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, உருபைக் கழற்றி மாட்டி, அப்புறம் வாய் திறக்க நேரம் இருக்காது.

தங்கச்சி, வாக்கியத்தை முழுசாகக் காதால் வாங்கி முழுசாக வாயில் விடு. 'லெட் மீ செக்.' 'ஐ வில் கெட் பேக் டு யூ.' 'இட் டிபெண்ட்ஸ் ஆன் த வெதர்.' 'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?' இவற்றுக்குள் எழுவாய் எது, பயனிலை எது என்று யாரும் கேட்கப் போவதில்லை. நூறு தடவை சொன்னால் நாக்கு பழகிவிடும். தமிழ்வழியாகப் போனால் என்ன வரும் தெரியுமா? 'மை ஹெட் இஸ் பெயினிங்.' 'டுடே மார்னிங் ஐ கேம்.' 'ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்.' எல்லாம் தமிழை அப்படியே பெயர்த்த வாக்கியங்கள். இங்கே வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் தினமும் கேட்கிறேன்.

குடந்தை_ஓய்வாசிரியர்

தம்பி, நீங்கள் காட்டிய மூன்றும் நல்ல உதாரணங்கள். ஆனால் அவை வருவது தமிழ் தெரிந்ததால் அல்ல. தமிழும் ஆங்கிலமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்லித்தராததால். 'சந்தேகம் இருக்கிறது' என்பதில் உள்ள 'கிறது' என்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் 'இங்' போட்டுவிடுகிறார்கள். நம் 'கிறு' இடைநிலை ஆங்கிலத்தின் இரண்டு வடிவங்களுக்கும் பொது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். 'தினமும் வருகிறான்' என்றால் 'ஹி கம்ஸ்'. 'இதோ வருகிறான்' என்றால் 'ஹி இஸ் கமிங்'. உடைமை, அறிவு, விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும் 'ஹேவ்', 'நோ', 'லைக்' போன்ற வினைகள் அந்தப் பொருளில் 'இங்' ஏற்காது. 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதும் நம் நாட்டு வழக்குதான், கேள்வி கேட்கத்தான் என்றால் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லச் சொல்வேன்.

முழு வாக்கியமாகப் பழகுவது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பழகாத கேள்வி வந்தால்?

நாகை_செவிலி

இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. வெளிநாட்டுச் செவிலியர் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஓய்வு நேரத்தில் உதவுகிறேன். 'மை ஹெட் இஸ் பெயினிங்' ஏன் வருகிறது என்று அவர்களிடம் இப்படித்தான் விளக்குவேன்.

தமிழில் உடம்புக்கு வருவதெல்லாம் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குப் பசிக்கிறது. எனக்கு மயக்கமாக வருகிறது. எனக்குத் தெரியும். எனக்குப் பிடிக்கும். ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு' பெரும்பாலும் 'ஐ' ஆகிவிடும். அதற்குப் பின்னால் எது வரும் என்பதை மட்டும் தனித்தனியாகப் பழக வேண்டும். தலைவலி, காய்ச்சல், இருமல் என்றால் 'ஐ ஹேவ்': 'ஐ ஹேவ் எ ஹெடேக்', 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. பசி, தாகம், களைப்பு என்றால் 'ஐ ஆம்': 'ஐ ஆம் ஹங்ரி'. மயக்கம், குமட்டல் என்றால் 'ஐ ஃபீல்': 'ஐ ஃபீல் டிஸி', 'ஐ ஃபீல் சிக்'. தெரிவதும் பிடிப்பதும் நேராக 'ஐ நோ', 'ஐ லைக்'.

மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால் 'ஹி இஸ் ஷார்ட் ஆஃப் ப்ரெத்'. கால் மரத்துப்போச்சு என்றால் 'ஹிஸ் லெக் ஹேஸ் கான் நம்'. இதையெல்லாம் இலக்கணத்தால் ஊகிக்க முடியாது, ஒரத்தநாட்டு அண்ணன் சொல்வதுபோல முழுசாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் எந்த வாக்கியங்களை அப்படி வாங்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த 'எனக்கு'தான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு வேண்டியிருக்கிறது.

கொள்ளிடக்கரை

நடுவில் ஒரு கேள்வி. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். சின்ஸ், ஃபார் இரண்டிலும் பயிற்சித் தாளில் தவறுகிறவர்கள் எங்கள் குழுவில் நிறைய. பேசும்போதும் 'ஐ ஆம் ஸ்டடியிங் சின்ஸ் டூ இயர்ஸ்' என்றுதான் வருகிறது. தமிழ்வழியாக இதற்கு ஏதாவது பிடி உண்டா?

பாபநாசம்_அரசுப்பள்ளி

உண்டு. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், இதை ஒன்பதாம் வகுப்பில் இப்படித்தான் சொல்கிறேன்.

தமிழில் 'இரண்டு வருடமாக' என்றால் 'ஃபார் டூ இயர்ஸ்'. '2022-இலிருந்து' என்றால் 'சின்ஸ் 2022'. 'ஆக' வந்தால் ஃபார், 'இலிருந்து' வந்தால் சின்ஸ். இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. சிக்கல் வினையில்தான் இருக்கிறது. நாம் 'இரண்டு வருடமாகப் படிக்கிறேன்' என்று சாதாரண நிகழ்காலத்தில் சொல்கிறோம், தமிழுக்கு அது போதும். ஆங்கிலம் அதை ஏற்காது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்பதை வினையிலும் காட்டச் சொல்லும்: 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஃபார் டூ இயர்ஸ்'. ஆகவே தமிழில் 'ஆக', 'இலிருந்து' இரண்டில் ஒன்று காலத்தோடு வந்து, வேலை இன்னும் தொடர்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு 'ஹேவ் பீன்' போடுங்கள். சில வினைகள் 'இங்' ஏற்காது என்று ஐயா சொன்னாரே, அவற்றுக்கு 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்' என்று வரும்.

ஐயா சொன்ன 'இரு' கணக்கு ஒரு இடத்தில் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து வாசலைப் பார்த்து 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். இந்த 'இருக்கிறது' நாம் நேரில் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம் என்பதற்காக வருவது. இதை 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்றினால் தவறு. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்', 'ஹேஸ்' வடிவம் கூடாது. ஊகம் என்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'. தெரிந்த செய்தி என்றால் 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்'.

ஆர்ட்டிகிளும் இதே மாதிரிதான். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அது செய்யும் வேலை தமிழில் நடக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கூடச் சொல்கிறான். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், 'எ புக்'. இரண்டாவது நமக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகம், 'த புக்'. அஃறிணையில் இரண்டாம் வேற்றுமை உருபு எங்கே வருகிறது, எங்கே மறைகிறது என்று கவனித்தாலே 'எ', 'த' குழப்பத்தில் பாதி போய்விடும். 'த சன்', 'த கங்கா' போன்றவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சாஸ்திரியாரை முன்னுதாரணமாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலப் பள்ளி வாசல் எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? என் வகுப்பில் இருப்பவர்கள் நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள். பெரிய பேச்சாளரைக் காட்டினால் ஆங்கிலம் பிறவி வரம் என்று நினைத்து இன்னும் ஒதுங்குகிறார்கள். அவர்கள் நாக்கில் இருக்கும் தமிழே பெரிய இலக்கணம் என்று காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குடந்தை_ஓய்வாசிரியர்

கோபம் ஏதுமில்லை டீச்சர். வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கவில்லை என்பது உண்மை. இந்த மண்ணில் ஆங்கிலம் அந்நியமல்ல என்று சொல்லவே அவரைக் குறிப்பிட்டேன். உருபு பற்றி நீங்கள் எழுதியதை என் பணிக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவியிருக்கும்!

திருவாரூர்_வயல்

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு வேண்டிய சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வேளாண் படிப்பு முடித்து இப்போது சொந்த வயல் பார்க்கிறேன். விதை நிறுவனக்காரர்கள் வரும்போது ஆங்கிலத்தில்தான் பேசுகிறேன்.

நெல்லிலிருந்தே தொடங்கு. வயலில் நிற்பதும் மூட்டையில் கட்டுவதும் 'பேடி'. அரைத்து வந்தால் 'ரைஸ்'. தட்டில் விழும் சோறும் 'ரைஸ்'தான், தேவைப்பட்டால் 'குக்ட் ரைஸ்'. நாற்று 'சீட்லிங்', நாற்றங்கால் 'நர்சரி', நாற்றுப் பறிப்பது 'புல்லிங் த சீட்லிங்ஸ்', நடவு 'ட்ரான்ஸ்பிளான்ட்டிங்'. நேரடி விதைப்பு 'டைரெக்ட் சீடிங்'. வரப்பு 'பண்ட்', வாய்க்கால் 'சேனல்', மதகு 'ஸ்லூஸ்'. தூர் 'டில்லர்', தூர் கட்டுவது 'டில்லரிங்'. கதிர் 'பேனிகிள்'. பதர் 'சாஃப்', உமி 'ஹஸ்க்', தவிடு 'பிரான்', வைக்கோல் 'ஸ்ட்ரா', அறுத்தபின் நிற்கும் தாள் 'ஸ்டபிள்'. நம் அணைக்கட்டு ஆங்கிலத்தில் 'அனிகட்' என்றே போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லணை அவர்களுக்கு 'கிராண்ட் அனிகட்'. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியவை மேலணையும் கீழணையும், 'அப்பர் அனிகட்', 'லோயர் அனிகட்'.

பயிர் சாய்ந்து படுத்துவிட்டது என்பதற்கு 'ஃபால் டவுன்' என்று சொல்லாதே. அதற்கென்றே 'லாட்ஜிங்' என்று சொல் இருக்கிறது. 'த கிராப் லாட்ஜ்ட் ஆஃப்டர் த ரெயின்' என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உனக்கு வயல் தெரியும் என்று உடனே புரிந்துகொள்வார்.

தனிச் சொல்லாகப் படிக்காதே, அது நிற்கும் வாக்கியத்தோடு படி. ரகத்தைப் பற்றிக் கேட்டால்: 'ஆடுதுறை 43 இஸ் எ ஷார்ட் டியூரேஷன் வெரைட்டி. ஃபார்மர்ஸ் க்ரோ இட் இன் குறுவை.' சி.ஆர். 1009 நீண்ட கால ரகம், 'லாங் டியூரேஷன்', சம்பாவுக்கு. கொள்முதல் நிலையத்தைப் பற்றிக் கேட்டால் ஈரப்பதம் வந்தே தீரும்: 'த மாய்ஸ்சர் கன்டென்ட் ஷுட் நாட் எக்ஸீட் செவன்டீன் பர்சென்ட்.' மழைக்காலத்தில் 17 சதவீதத்துக்குள் நெல்லைக் காயவைக்க முடியாமல் சாலையில் கொட்டி வைத்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். அதைச் சொல்ல உனக்குப் புத்தகம் வேண்டாம்: 'ஃபார்மர்ஸ் ஸ்ப்ரெட் த பேடி ஆன் த ரோடு டு டிரை இட்.'

'ஆல்' விகுதியையும் நம் கதையிலேயே படி. 'ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடுவோம்.' தமிழில் 'திறந்தால்' என்பதில் இறந்தகாலத் தோற்றம் இருக்கிறது, ஆங்கிலத்தில் நிகழ்காலம்: 'இஃப் மேட்டூர் டேம் ஓபன்ஸ் ஆன் ஜூன் ட்வெல்ஃப்த், வீ வில் பிளான்ட் குறுவை.' அங்கே 'வில் ஓபன்' கூடாது. தண்ணீர் வராமல் போன வருஷத்தை நினைத்துச் சொல்வதானால்: 'திறந்திருந்தால் நட்டிருப்போம்.' 'இஃப் த டேம் ஹேட் ஓபன்ட் ஆன் டைம், வீ வுட் ஹேவ் பிளான்டட் குறுவை.' 'இருந்தால்', 'இருப்போம்' இரண்டும் அங்கே 'ஹேட்', 'வுட் ஹேவ்'.

மயிலாடுதுறை_நூலகம்

சொற்கள் என்றதும் என் பங்குக்குக் கொஞ்சம். ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன என்று பயமுறுத்துகிறார்கள். ஆக்டன் என்பவர் 1930-இல் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' திட்டத்தில் மொத்தம் 850 சொற்கள். அதில் வினை என்று அவர் வைத்தவை 18 மட்டும்: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பீ, டூ, ஹேவ், சே, சீ, செண்ட், மே, வில். இவற்றோடு அப், டவுன், இன், அவுட், ஆஃப் போன்றவை சேர்ந்து பெரும்பாலான வேலையை முடித்துவிடும் என்பது அவர் எண்ணம். வங்காளத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், இந்தியப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதைப் பார்த்து எளிய வாசகங்கள் எழுதியவர். 1953-இல் ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார்.

ஆனால் அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போக முடியாது. நாற்றும் ஈரப்பதமும் அவரவர் தொழிலிலிருந்துதான் வர வேண்டும், திருவாரூர்க்காரர் எழுதியதுபோல. பொதுப் பட்டியலின் பயன் வினைகளில்தான் இருக்கிறது. சின்ன வினைகள்தான் பேச்சை நகர்த்துகின்றன, நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். நம் 'போடு' என்ற வினையைப் பாருங்கள்: சட்டை போடு, சோறு போடு, கையெழுத்துப் போடு, பூட்டுப் போடு, சண்டை போடு. ஆங்கிலத்தில் முறையே 'புட் ஆன்', 'செர்வ்', 'சைன்', 'லாக்', 'ஃபைட்'. எல்லாவற்றுக்கும் 'புட்' என்று பிடித்தால் 'புட் எ சைன்' என்று வரும். அதேபோல 'டேக்' என்பதற்கு எல்லா இடத்திலும் 'எடு' பொருந்தாது. மருந்து சாப்பிடுவது 'டேக் மெடிசின்', பஸ்ஸில் போவது 'டேக் எ பஸ்', ஓய்வெடுப்பது 'டேக் ரெஸ்ட்' என்று நாம் சொன்னாலும் அவர்கள் சொல்வது 'கெட் சம் ரெஸ்ட்'. அகராதியில் வினையை மட்டும் பார்க்காமல், அது எந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது என்று குறித்துக்கொண்டே படியுங்கள்.

பாபநாசம்_அரசுப்பள்ளி

எச்சங்கள் விட்டுப்போய்விட்டன. நீளமாகப் பேச முடியாமல் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

'குளித்துவிட்டு, சாப்பிட்டு, பஸ் பிடித்து, தஞ்சாவூர் போனேன்.' முதல் மூன்றும் வினையெச்சம், முற்று ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றையும் முற்றாக்கிவிடுங்கள்: 'ஐ பேத்ட், ஏட், காட் த பஸ் அண்ட் வென்ட் டு தஞ்சாவூர்.' 'ஆஃப்டர் பேத்திங் ஆஃப்டர் ஈட்டிங்' என்று தொங்கவிட வேண்டாம்.

பெயரெச்சத்தில் வேறு சங்கடம். 'போன வாரம் வாங்கிய விதை முளைக்கவில்லை.' விளக்கம் முழுவதும் நமக்குப் பெயருக்கு முன்னால், அவர்களுக்குப் பின்னால்: 'த சீட் வீ பாட் லாஸ்ட் வீக் டிட் நாட் ஜெர்மினேட்.' முதலில் பெயரைச் சொல்லிவிடுங்கள், பிறகு விளக்குங்கள். தமிழ்ப் பெயரெச்சம் உருபை மறைத்துவிடும் என்பதையும் பாருங்கள். 'நான் கதிர் அறுத்த அரிவாள்' என்றால் அரிவாளால் அறுத்தேன் என்று கேட்பவருக்குப் புரிகிறது. ஆங்கிலம் அந்த 'ஆல்' உருபை விட்டுவிடாது, 'வித்' என்று கடைசியில் கொண்டுவந்து வைக்கும்: 'த சிக்கிள் ஐ கட் த பேடி வித்.'

நீடாமங்கலம்_தமிழ்வழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உருபும் எச்சமும் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டன என்று நினைத்திருந்தேன். அவை ஆங்கிலத்துக்கு இவ்வளவு உதவும் என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சின்ன அறிமுகம் எழுதிப் பார்த்தேன், தயவுசெய்து திருத்துங்கள்.

'ஐ ஆம் கமிங் ஃப்ரம் நீடாமங்கலம். மை ஃபாதர் இஸ் ஹேவிங் டூ ஏக்கர்ஸ் லேண்ட். வீ ஆர் க்ரோயிங் சம்பா சின்ஸ் மெனி இயர்ஸ். லாஸ்ட் இயர் த கிராப் ஹேஸ் லாட்ஜ்ட் பிகாஸ் ஆஃப் ஹெவி ரெயின். ஐ நோ வெரி வெல் த ப்ராப்ளம்ஸ் ஃபார்மர்ஸ் ஃபேஸ்.'

குடந்தை_ஓய்வாசிரியர்

நன்றாக வந்திருக்கிறது அம்மா. கடைசி வாக்கியத்தில் 'த ப்ராப்ளம்ஸ் ஃபார்மர்ஸ் ஃபேஸ்' என்று பெயரை முன்னால் வைத்து விளக்கத்தைப் பின்னால் வைத்தாய். டீச்சர் சொன்னது உடனே பிடித்துவிட்டது.

முதல் வாக்கியம்: 'ஐ ஆம் ஃப்ரம் நீடாமங்கலம்.' ஊர் எப்போதும் மாறாதது, 'ஐ கம் ஃப்ரம்' என்றாலும் சரி. 'கமிங்' என்றால் இப்போது அங்கிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாய் என்று ஆகும். இரண்டாவது உடைமை: 'மை ஃபாதர் ஹேஸ் டூ ஏக்கர்ஸ் ஆஃப் லேண்ட்.' மூன்றாவதில் 'பல வருஷமாக' என்று தமிழில் நினைத்தாய் அல்லவா? அப்படியானால் 'வீ ஹேவ் பீன் க்ரோயிங் சம்பா ஃபார் மெனி இயர்ஸ்.' நான்காவதில் 'லாஸ்ட் இயர்' என்று காலத்தைச் சொல்லிவிட்டாய், ஆகவே 'ஹேஸ்' போக வேண்டும்: 'லாஸ்ட் இயர் த கிராப் லாட்ஜ்ட் பிகாஸ் ஆஃப் ஹெவி ரெயின்.' கடைசியில் 'வெரி வெல்' வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் வராது. 'ஐ நோ த ப்ராப்ளம்ஸ் ஃபார்மர்ஸ் ஃபேஸ் வெரி வெல்' என்று தள்ளினால் எதைச் சேர்ந்தது என்று தெரியாமல் போகும். அதை எடுத்துவிட்டு 'ஐ நோ த ப்ராப்ளம்ஸ் ஃபார்மர்ஸ் ஃபேஸ்' என்று மட்டும் சொல், கம்பீரமாக இருக்கும்.

ஒரத்தநாடு_சிங்கப்பூர்

ஐயா திருத்தியது சரி. ஆனால் காகிதத்தில் திருத்துவது வேறு, வாயில் வருவது வேறு, இதில் என் கருத்து மாறவில்லை. தங்கச்சி, உனக்குச் சம்மதம் என்றால் இந்த இழையில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவில் குழு அழைப்பில் சேருவோம். நான் நிறுவன மேலாளர் மாதிரி கேள்வி கேட்கிறேன். நடுவில் யாரும் திருத்தக் கூடாது, ஐயா உட்பட. தடுமாறினால் தடுமாறட்டும், வாக்கியத்தை முடிக்க வேண்டும். பதில் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சும்மா இருக்காமல் 'லெட் மீ திங்க் அபவுட் தட் ஃபார் எ மொமென்ட்' என்று சொல்ல வேண்டும்.

குடந்தை_ஓய்வாசிரியர்

சம்மதம் தம்பி. நான் வாய் திறக்க மாட்டேன், குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் இங்கே எழுதுகிறேன்.

நாகை_செவிலி

ஞாயிறு எனக்கு இரவுப் பணி இல்லை என்றால் நானும் வருகிறேன். என்னிடம் படிக்கிறவர்களையும் கேட்கச் சொல்கிறேன்.

நீடாமங்கலம்_தமிழ்வழி

கண்டிப்பாக வருகிறேன் அண்ணா. முதல் வாரம் களையைப் பற்றிக் கேளுங்கள். தாவரவியல் பெயர்கள் தெரியும், ஆனால் விவசாயியிடமும் மேலாளரிடமும் பேசுகிற சாதாரண ஆங்கிலப் பெயர்கள் தெரியவில்லை. திருவாரூர் அண்ணன் நேரம் இருந்தால் எழுதுங்கள்.

திருவாரூர்_வயல்

களை 'வீட்', களை எடுப்பது 'வீடிங்', கையால் எடுத்தால் 'ஹேண்ட் வீடிங்', களைக்கொல்லி 'ஹெர்பிசைட்'. கோரை வகை எல்லாம் 'செட்ஜ்'. நெல்லோடு நெல்லாக நின்று ஏமாற்றும் குதிரைவாலிப் புல் 'பார்ன்யார்ட் கிராஸ்'. நாலு இலையோடு தண்ணீரில் படரும் ஆரைக்கீரை 'வாட்டர் குளோவர்'. நடவு வயலில் வரிசைக்கு நடுவே உருட்டும் கருவி 'கோனோ வீடர்', பெயர் அப்படியேதான். வாக்கியமாக: 'வீ வீட் த ஃபீல்ட் ட்வைஸ் பிஃபோர் த கிராப் ஃப்ளவர்ஸ்.' இதில் 'வீட்' வினையாக வந்திருப்பதைக் கவனி. பூச்சிகளையும் நோய்களையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். புகையானுக்கு 'பிரவுன் பிளான்ட்ஹாப்பர்' என்பதை மட்டும் இப்போதே எழுதிக்கொள், சம்பாவில் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.